நான்காவது பட்டன்

மார்ச் 11, புதன். பிரிக்பீல்ட்ஸ்.



பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் போன செல்வம் அண்ணனுக்கு, இந்த மறுவாழ்வு இல்லத்தில் ஏழு மாதமாக நான்தான் சட்டை மாட்டிவிடுகிறேன். இன்று காலை கதவைத் தட்ட மறந்து உள்ளே போய்விட்டேன். அவர் இடது கையாலேயே நான்காவது பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். தடுமாற்றமே இல்லை. பல நாள் பழகிய கை.

சந்தோஷம் தாங்காமல் வீடியோ எடுத்தேன். இங்கே யார் ஒரு படி ஏறினாலும் உடனே வீட்டுக்கு வீடியோ அனுப்புவோம். கிள்ளானில் இருக்கும் அவருடைய தம்பிக்கு நின்ற இடத்திலிருந்தே அனுப்பினேன்.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

"தம்பிக்கா அனுப்புனீங்க? ஏம்மா?"

"நல்ல விஷயம்தானே அண்ணே. சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்லா."

"அங்க என்னை ரூம்ல வச்சு வெளிய பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போவாங்கம்மா. சாயங்காலம்தான் திறப்பாங்க. அதுக்குப் பயந்துதான் ஒண்ணும் முடியாத மாதிரி இருந்தேன்."

ஞாயிறு தவறாமல் ஆப்பம் வாங்கி வருகிற தம்பி. இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைக்கும் என்று எல்லாரிடமும் சொன்னவளே நான்தான்.

வீடியோவை அழித்தேன். அதற்குள் நீல டிக் விழுந்திருந்தது.

மேலாளரிடம் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். போன் ஒலித்தது. தம்பிதான்.

"ரொம்ப சந்தோஷம் சிஸ்டர். சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறோம். ரூம் ரெடியா இருக்கு."