ஓடாத வண்டிக்கு மசகு

பாளையங்கோட்டை,
1912 ஆவணி, ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான அத்தை அவர்களுக்கு மருமகள் ஞானவடிவு ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் மகன் இறந்தபின் வாடகை வண்டி ஓடவே இல்லை. ஓடாத வண்டிக்குக் கட்டிய வரியைத் திருப்பித் தருவார்கள் என்று மனுப் போட்டேன். அந்தப் பணத்தில் உங்கள் கூரைக்கு ஓலை வேயலாம் என்று எழுதினேனே, நானே கெடுத்துவிட்டேன்.

வண்டியைப் பார்க்க வந்த வரி ஆபீஸ் சேவகர் அச்சைத் தொட்டார். கையெல்லாம் மசகு.

"ஏம்மா, ஓடாத வண்டி சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்குதோ? யாருகிட்ட கதை விடுதே?" என்றார். எனக்கே சிரிப்பு வந்தது.

உங்கள் மகன் சனிக்கிழமைதோறும் அச்சுக்கு மசகு போடுவார் அல்லவா? போர்டிங் பள்ளிச் சமையல் முடிந்து வந்து நானும் விளக்கெண்ணெயில் மசகு குழைத்துப் போட்டுவந்தேன். அதைச் சேவகரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த மாதம் மறுபடி வந்து பார்ப்பாராம். அதுவரை அச்சு காய்ந்து கிடக்க வேண்டும். மழைக்கு முன் உங்களுக்குக் கூரை வேண்டும் என்பதும் தெரியும். மன்னியுங்கள் அத்தை, நேற்றும் போட்டுவிட்டேன்.

கோவில் மணி அடிக்கிறது. ஊரிலிருந்து யாராவது வந்தால் கருப்பட்டி கொடுத்தனுப்புங்கள். விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம். இருந்தால் போட்டுவிடுவேன்.

ஞானவடிவு