கழுவாத மரவை

திருவள்ளூர்
6-1-1974

அன்புள்ள பூவு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் கடைசியில் பெயர் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு உடனே கிழித்துவிடாதே, நடுவிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

நான் இங்கே பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் நடத்துகிறேன். அரைப்பரீட்சையில், ஈஸ்ட் எங்கெல்லாம் பயன்படுகிறது என்று கேட்டிருந்தேன். ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'ரொட்டி செய்யப் பயன்படுகிறது. ஆனால் கும்மிடிப்பூண்டியில் என் அத்தை ஈஸ்ட் வாங்காமலே ரொட்டி போடுகிறாள்.' கூப்பிட்டு, "உங்க அத்தை பேர் என்ன?" என்றேன். "பூவம்மாள், டீச்சர். காலேஜ் படிச்சவங்க" என்றாள். உன் தம்பி கலியனின் மகள்! அவளுக்கு முழு மார்க் போட்டேன்.

பள்ளிக்கு இது வெள்ளிவிழா வருஷம். பிப்ரவரி 19, 20 தேதிகளில் கண்காட்சி. ராக்கெட்டும் அணைக்கட்டும் எல்லாரும் செய்கிறார்கள், நாம் பழைய சமையல் கருவிகளை வைத்து அவற்றின் விஞ்ஞானத்தை எழுதுவோம் என்று சொல்லிவிட்டேன். இப்போது என் அறைக்குள் நடக்க இடமில்லை. கல்சட்டி ஏழு, திரிகை மூன்று, ஆளுயர மத்து ஒன்று, மரத்தில் செய்த சேவை நாழி, பூட்டுப் போட்ட அஞ்சறைப்பெட்டி. தலைமை ஆசிரியை பக்கத்திலேயே ஒரு பிரஷர் குக்கரும் இருக்கட்டும் என்கிறார். ராத்திரி படுத்தால் கனவில் உரல் வருகிறது.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. மரவை. ஒரே மரத்தைக் குடைந்து எடுத்த, அகன்ற, பெரிய மரவை. எவர்சில்வர் வந்ததும் எல்லாரும் அடுப்பில் விறகாக வைத்துவிட்டார்கள். உங்கள் பக்கத்தில் யாரிடமாவது இருந்தால் இரண்டு நாள் இரவல் வாங்கித் தர முடியுமா?

எத்தனையோ எழுத நினைத்து, பாத்திரம் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் போடு, பூவு.

உன்
வைஜயந்தி

*

கும்மிடிப்பூண்டி
12-1-1974

மதிப்பிற்குரிய வைஜயந்தி அம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம்.

மரவை என்னிடமே இருக்கிறது. ஒரு முழத்துக்கு மேல் அகலம். விளிம்பில் ஓரிடத்தில் எலி கடித்தது போல் சின்னப் பள்ளம். தங்களுக்கு அடையாளம் தெரியும் என்று நினைக்கிறேன். தங்கள் வீட்டுடையதுதான்.

அதை அனுப்புவதற்கில்லை. காரணம் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் (முனுசாமி என்று பெயர்) பட்டாளத்தில் ரொட்டி அடுப்பில் வேலை பார்த்தவர். இங்கே புதிது புதிதாகப் பட்டறைகள் வருகின்றன. காலை ஷிப்ட் ஆட்களுக்கு டீயோடு ரொட்டி வேண்டும். நாங்கள் போடுகிறோம். பெரிய மாவைப் பலகைத் தொட்டியில் பிசைகிறோம். ஆனால் மரவையில்தான் உறை இருக்கிறது. தயிருக்கு உறை மாதிரி, நேற்றைய மாவில் ஒரு பிடி அதில் தங்கும், இன்றைய மாவை அது எழுப்பும். மரவையைச் சுரண்டித் துடைப்பதோடு சரி. தண்ணீர் விட்டுக் கழுவுவதில்லை. கழுவினால் மறுநாள் மாவு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அலுமினியப் பேசினில் போட்டுப் பார்த்தோம், ரொட்டி செங்கல்லாக வந்தது.

தங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் சொன்னார்: "காட்சிக்கு வெக்கறதுக்கு அது இன்னா யானையா? அது வேல செஞ்சிக்கினு கீது, லீவு கெடையாதுன்னு எழுதிடு." எழுதிவிட்டேன்.

தங்கள் தாயார் ஜானகியம்மாள் நலமா?

இப்படிக்கு,
மு. பூவம்மாள்

*

திருவள்ளூர்
17-1-1974

அன்புள்ள பூவு,

கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பூமா, கரண்டியும் கையுமாக ஓடிவந்துவிட்டாள். அந்தப் பள்ளம்! எலி இல்லை, நான் ஆறு வயதில் அரிவாள்மணையை அதன்மேல் தள்ளிவிட்டதில் வந்தது.

அந்த மரவை எரிந்துபோனது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நீ எங்கள் வீட்டில் வந்து தங்கிய அன்று அம்மா அதைக் கொல்லைப்புறம் எடுத்துப் போனது மட்டும்தான் எனக்குத் தெரியும். மறுநாள் விடியற்காலை நீ ரயிலுக்குப் போய்விட்டாய். வெந்நீர் அண்டாவின் கீழே போயிருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சாம்பலைப் பார்க்க மாட்டேன்.

உன் கடிதத்தோடு அம்மாவிடம் போனேன். அம்மாவுக்கு எழுபத்தொன்று. கண் சரியில்லை, காது பாம்புக் காது. "அவாத்துலதான் இருக்கு. நான்தானே குடுத்தேன், ஆவக்காயோட" என்றாள், ஏதோ போன வாரம் நடந்தது போல. "ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றால், "நீ கேக்கவே இல்லையே" என்கிறாள். பிறகு உன் கடிதத்தை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். உறை மாவு வந்த இடத்தில் நிறுத்தி, "எண்ணெய் தடவறாளான்னு கேளு. மரம் வறண்டா வெடிச்சுடும். வெயில்ல வைக்கப்படாது" என்றாள். கேட்டுவிட்டேன்.

பூவு, எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக இருக்கிறது. அம்மா கோபித்து எறிந்ததாக நான் நினைத்தது உன் கையில் ரொட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறது. ஆக, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பிறகு ஏன் எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை? அப்போது நான் போட்ட இரண்டு கடிதமும் வரவில்லையா? இப்போதும் 'தாங்கள்', 'அம்மாள்' என்று எழுதியிருக்கிறாயே. ஹாஸ்டலில் என் புடவையைக் கேட்காமல் உடுத்திக்கொண்டு போனவள் நீதானே?

உன்
வைஜு

*

கும்மிடிப்பூண்டி
27-1-1974

அன்புள்ள வைஜயந்தி அவர்களுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. ஏன் எழுதவில்லை என்று கேட்டதால் சொல்கிறேன். கேட்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

பரீட்சை முடிந்து உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். உங்கள் அம்மா மரவையில் ஆவக்காய் கலந்துகொண்டிருந்தார். கடுகுப்பொடி ஒரு பக்கமாகத் தங்கி நின்றது. எங்கள் வீட்டில் கலப்பது போல நான் கையை விட்டுக் கலந்தேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "வெங்கலம்னா புளி போட்டுத் தேய்ச்சுடுவேன். இது மரம்டீ குழந்தே, கழுவினாலும் போகாது." எனக்கு வலித்தது. ஆனால் என்னிடம் சொன்னார். நான் அங்கே ஓர் ஆளாக நின்றேன்.

அப்போது நீங்கள் வாசற்படியில் நின்றீர்கள். என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "பழசுதானேம்மா. போனா போறது, வேற வாங்கிக்கலாம்." மரவையைப் பார்த்துச் சொன்னீர்கள். என் பக்கம் திரும்பவில்லை. பிறகு அறைக்குள் போய்விட்டீர்கள். ராத்திரி பக்கத்தில்தான் படுத்தோம், அப்போதும் ஒன்றும் பேசவில்லை. விடியற்காலை நீங்கள் எழுவதற்கு முன் உங்கள் அம்மா கொல்லைப்புறத்திலிருந்து மரவையை எடுத்துவந்து, "நீயே எடுத்துண்டு போ" என்று என் கையில் கொடுத்தார்.

மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தோம். போனால் போகிறது என்றது மரவையை மட்டும்தானா என்று ரயிலில் யோசித்தேன். இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. தப்பான பதிலாகவும் இருக்கலாம். அதைச் சரிபார்க்க எனக்கு மனமில்லை.

எண்ணெய் தடவுவதில்லை. மாவே போதும் என்று நினைத்திருந்தேன். உங்கள் அம்மா சொன்ன பிறகு பார்த்தேன், அடியில் மயிரிழை போல ஒரு கீறல் விட்டிருக்கிறது. எந்த எண்ணெய் என்று கேட்டு எழுதவும்.

இப்படிக்கு,
பூவம்மாள்

*

திருவள்ளூர்
8-2-1974

பூவு,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதெல்லாம் எனக்காக நானே வாதாடியது.

அந்த வாக்கியம் நினைவிருக்கிறது. அதில்தான் வேடிக்கை. இத்தனை வருஷமும் அதை என் நல்ல காரியங்களில் ஒன்றாக வைத்திருந்தேன். உன் பக்கம் பேசினேன், அம்மா பெரிதுபடுத்தாமல் தடுத்தேன் என்று. உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த வாசற்படியில் போய் நின்று சொல்லிப் பார்த்தேன். "பழசுதானேம்மா." அதில் நீ இல்லவே இல்லை. நான் உன்னைக் காப்பாற்றவில்லை, அந்த நிமிஷத்தைக் கடந்து போக வழி பார்த்தேன். 'அம்மா, அவள் கைதானே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் வந்திருந்தது. அம்மாவுக்குப் பயந்தேன் என்று இப்போது சொல்வதும் முழு உண்மை இல்லை. அவள் சொன்னது நியாயம் என்று எனக்குள் ஒரு மூலையில் தோன்றியிருக்கிறது. நான் படித்த விஞ்ஞானம் அந்த மூலைக்குப் போய்ச் சேரவில்லை.

கண்காட்சிக்கு மரவை வேண்டாம். மேசையில் அதன் இடத்தைக் காலியாக விட்டு, 'மரவை: வேலையில் இருக்கிறது' என்று அட்டை வைக்கப்போகிறேன். ஆனால் நான் வரலாமா? 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி வருகிறேன். வேண்டாம் என்றால் ஒரு கார்டு போடு. பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வேன். உனக்கு எது சுலபமோ அது.

நல்லெண்ணெய். வெளிப்பக்கம் மட்டும், துணியில் நனைத்து.

வைஜயந்தி

*

திருவள்ளூர்
20-2-1974

அன்புள்ள பூவு,

எதை முதலில் சொல்வது? பஸ்ஸையே சொல்கிறேன்.

நான் கேட்கவே இல்லை, நீயாக எடுத்து என் மடியில் வைத்தாய். "புதன்கிழமை வரைக்கும்தான். வியாழன் காலையில தம்பி வந்து எடுத்துக்குவான். உறையில பாதிய மண்சட்டியில வெச்சிக்கினு சமாளிக்கிறேன். தெனம் ஒரு பிடி மாவு போட்டு நீங்களே பிசையணும்" என்றாய். தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். ஊத்துக்கோட்டை வருவதற்குள் வெயிலுக்கு மாவு எழும்பிவிட்டது. மூடியிருந்த துணி மெல்ல மெல்ல உயர்கிறது. பக்கத்தில் இருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்தாள். கண்டக்டர் குனிந்து பார்த்து, "இன்னாம்மா மடியில, மூச்சு வுடுது?" என்றார். "ரொட்டி மாவு" என்றேன். "உசுரு கீதும்மா அதுக்கு, பத்திரம்" என்று, காற்றாட இருக்கும் தன் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. நாற்பத்துநாலு வயதில், ஒரு டீச்சர்.

உன் அடுப்பங்கரையில் நான் சொல்ல வந்ததைச் சொன்னபோது மரவை நம் நடுவில்தான் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. கவனித்தாயா? உன் முகத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது. நீ சூடான ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாய். அப்படி ஒரு ரொட்டியை நான் சாப்பிட்டதில்லை. மேலே முறுகல், உள்ளே பஞ்சு, ஓரமாகக் கொஞ்சம் புளிப்பு.

கண்காட்சியில் நேற்றும் இன்றும் கூட்டம் நம் மேசையில்தான். பிரஷர் குக்கரை ஒருவரும் பார்க்கவில்லை. உன் தம்பி மகள் நின்று, "இது காட்சிப் பொருள் இல்லை, வேலையிலிருந்து ரெண்டு நாள் லீவில் வந்திருக்கு" என்று எல்லாரிடமும் சொன்னாள். உறை மரத்தின் இழைகளுக்குள் தங்குவதையும், அதனால் கழுவக்கூடாது என்பதையும் படம் போட்டு விளக்கினாள். அட்டையில் நான் எழுதியது இதுதான்: 'மரவை. பூவம்மாளுடையது. இரவல்.'

நீ கட்டிக்கொடுத்த ரொட்டியை அம்மா சாப்பிடவில்லை. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் திங்கட்கிழமை காலை நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், சமையலறையில் தரையில் உட்கார்ந்து மரவையை மடியில் சாய்த்து வைத்திருக்கிறாள். பழைய துணியில் நல்லெண்ணெய். விரலால் கீறலைத் தேடித் தேடித் தடவிக்கொண்டிருந்தாள். பள்ளம் வந்த இடத்தில், "இது நீ பண்ணினது" என்றாள். முடிந்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பருப்பைக் களைய உட்கார்ந்தாள். நான் காத்திருந்தேன். கிணற்றடிக்குப் போகவில்லை, பூவு. குளிக்கவில்லை. நேரே அடுப்புக்குப் போனாள்.

நீ இன்னும் 'நீங்க' என்றுதான் பேசுகிறாய். நான் அவசரப்படுத்தவில்லை.

உன்
வைஜு

*

கும்மிடிப்பூண்டி
25-2-1974

அடி வைஜு,

மரவை வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. கலியன் பஸ்ஸில் நின்றுகொண்டே கொண்டுவந்தானாம். வெள்ளிக்கிழமை மாவு எழும்பிய அழகைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர், "லீவுல போயி நல்லா தூங்கிட்டு வந்துகீது" என்றார். நீ ஒழுங்காகப் பிசைந்திருக்கிறாய் என்று அர்த்தம். கீறல் மூடிவிட்டது.

கவனித்தேன். உன் கண் அன்றைக்கு எங்கே இருந்தது என்பதைக் கவனித்ததால்தான் மரவையை எடுத்து உன் மடியில் வைத்தேன்.

உன் அம்மாவைப் பற்றி எழுதியதை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை. மீதியை அவரே படித்தார்.

வைகாசியில் ஆவக்காய் போடுவீர்கள்தானே. நான் வந்து கலக்குகிறேன் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவை, அப்போது வந்து திடுக்கிட வைக்க எனக்கு விருப்பமில்லை. ஊத்துக்கோட்டையில் உங்கள் வீட்டுக்கென்று பெரிதாகப் புது மரவை ஒன்று குடையச் சொல்லியிருக்கிறேன். அதை நானே கொண்டுவருகிறேன்.

பூவு