பதினொன்றுக்குப் பதினொன்று

பதிவு 1
2083 ஆகஸ்ட் 3, காலை 09:10. பயிற்சி முடித்தவர்கள்: 11 பேரில் 2.

செவ்வாய்க் கோள், வடபகுதிப் பனிச் சுரங்க நிலையம். எழுதுபவன் சேந்தன், கணினிப் பொறியாளன்.

ஆண்டுதோறும் பாதுகாப்பு விதிமுறைப் பயிற்சியை எல்லோரும் நிலையத்துக் கணினி வலையில் முடிக்க வேண்டும். இருபத்திரண்டு பாடங்கள். ஆட்கள் வீடியோவை ஓடவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். குற்றம் சொல்ல முடியாது. கோட்டு போட்ட ஒருவர் நாற்பது நிமிடம் வால்வைப் பற்றிப் பேசுவதை நானும் பார்க்க மாட்டேன்.

நிலையத் தலைவர் பர்வீன் ரேடியோவில் சொன்னது: "சேந்தன், 21ஆம் தேதி சூரியன் குறுக்க வந்துடும். பதினாலு நாள் பூமியோட பேச முடியாது. அதுக்குள்ள எல்லாரும் முடிச்சிருக்கணும். உக்காந்து பாக்கற மாதிரி ஏதாவது பண்ணுங்க."

பண்ணுகிறேன். ஆறு நாள் போதும்.

பதிவு 2
ஆகஸ்ட் 9, மாலை 16:40. 11 பேரில் 3.

பாடங்களை விளையாட்டாக்கிவிட்டேன். ஏற்கெனவே முடித்த மூவரும் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். நீண்ட கையேட்டைக் கணினியிடம் கொடுத்தேன். அதுவே கேள்வியும் நான்கு விடைகளும் எழுதித் தந்தது. நிறம், ஓசை, மதிப்பெண் என் வேலை. தாவிச் செல்ல முடியாது. ஒரு பாடத்துக்கு இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்தே ஆக வேண்டும். முடித்த பாடம் மறுபடி திறக்காது, இல்லையென்றால் அதையே ஆடி மதிப்பெண் சேர்ப்பார்கள்.

கதவுகளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பழைய நடைமுறைத் தாள்களைக் கிழித்துக் கூழாக்கும் இயந்திரத்தில் போட்டேன். அந்த இடங்களில் தரவரிசைப் பலகை மாட்டினேன். முதலிடம் பிடிப்பவருக்குப் பரிசு: தொடர்பு அறுவதற்கு முன் வீட்டுக்குக் கூடுதலாகப் பத்து நிமிட வீடியோ.

துளை இயந்திரம் ஓட்டும் தங்கபாண்டி அண்ணன் உடனே ரேடியோவில் வந்தார்: "ஏப்பா கம்ப்யூட்டரு, எம் மகளுக்கு இந்த மாசம் பிரசவம். அந்தப் பத்து நிமிசம் எனக்குத்தான். எவனாச்சும் குறுக்க வந்தான், ட்ரில்லுல மாட்டி விட்ருவேன்."

பாருங்கள், வேலை செய்கிறது.

பதிவு 3
ஆகஸ்ட் 18, காலை 11:05. 11 பேரில் 11.

நூறு சதவீதம். தங்கபாண்டி அண்ணன் முதலிடம். பூமியிலிருந்து தலைமையகம் அனுப்பிய செய்தி: "பணியாளர் ஈடுபாட்டில் முன்மாதிரி. முடிவுகள் தணிக்கைக்காகப் பூட்டப்படுகின்றன." பூட்டு அவர்கள் கையில். இனி அவர்கள் சொல்லாமல் முடித்த பாடம் எதையும் திறக்க முடியாது.

பதிவு 4
ஆகஸ்ட் 19, மதியம் 13:20. 11 பேரில் 11.

கணக்கில் ஒரு உறுத்தல். எல்லா விடைகளும் ஒரே திரையிலிருந்து வந்திருக்கின்றன. பனியை உருக்கும் உருக்குக்கூடத்தில் இருக்கும் திரை. அங்கே வேலை பார்ப்பவர் ஜெரால்டு, குளச்சல்காரர். ரேடியோவில் கேட்டேன்.

"ஆமா மக்கா, எல்லாருக்கும் நான்தான் போட்டேன். பனி உருகுற வரைக்கும் இங்க எனக்கு என்ன சோலி? பதிலா கக்கூசு கழுவுற முறைய அவனுவ எடுத்துக்கிட்டானுவ. ஒரு வருசம் நான் தொட மாட்டேன். தங்கபாண்டிக்குப் பேரப்புள்ள வருதுல்லா, அதான் அவருக்கு மட்டும் கூட ரெண்டு மார்க்கு விழுற மாதிரி பாத்துக்கிட்டேன்."

இது தெரிந்தால் தலைமையகம் சும்மா விடாது என்றேன்.

"நீ சொல்லாத. ஒனக்கும் நான்தானே போட்டேன்? பாஸ்வேர்டு ஆரு குடுத்தா?"

நான்தான் கொடுத்தேன். எனக்கு வேறு வேலை இருந்தது. பர்வீன் மேடமும் கொடுத்திருக்கிறார்.

புகார் செய்யவில்லை. பாராட்டுச் செய்தி வந்து ஒரு நாள்தான் ஆகிறது.

பதிவு 5
ஆகஸ்ட் 24, காலை 10:32. பூமித் தொடர்பு அறுந்து மூன்று நாள்.

10:14க்கு உருக்குக்கூடத்தின் வெளிச்சுவர் விரிசல் விட்டது. காற்று போய்விட்டது. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. ஜெரால்டு உள்ளே இருக்கும் அடைக்கல அறைக்குள் ஓடிவிட்டார். அலமாரி அளவு அறை. அதில் காற்று 130 நிமிடத்துக்கு. விரிசலை வெளியிலிருந்து ரோவர் ஆட்கள் அடைத்துவிட்டார்கள். மீதி வேலை: நடைவழியில் இருக்கும் நான்கு வால்வுகளைச் சரியான வரிசையில் திறந்து கூடத்துக்குக் காற்று ஏற்ற வேண்டும். வரிசை தவறினால் நடைவழிக் காற்றும் வெளியே போகும், திறக்கிறவரும் போவார்.

வரிசை ஒன்பதாம் பாடத்தில் இருக்கிறது.

பதிவு 6
10:51. ஜெரால்டுக்கு 93 நிமிடம்.

ஒன்பதாம் பாடத்தைத் திறந்தேன். திரையில் பட்டாசு வெடித்தது. "இதை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள். வாழ்த்துகள்!" அந்தப் பட்டாசு நான் வரைந்தது.

பதினொரு பெயரிலும் அதேதான். பூட்டை உடைக்கப் பார்த்தேன், சாவி பூமியில். புதுப் பெயரில் நுழைந்தால் முதல் எட்டுப் பாடங்களை முடிக்க வேண்டும். எட்டு இருபத்தைந்து இருநூறு நிமிடம். தாவ முடியாதபடி செய்தது நான்; அதை மாற்றவும் பூட்டு விடாது. கையேடு அதே பூட்டுக்குள். தாள் கூழாகிவிட்டது. கதவருகே தரவரிசைப் பலகை மினுங்குகிறது.

பதிவு 7
11:20. 64 நிமிடம்.

ஒன்பது பேரையும் கேட்டாயிற்று. யாருக்கும் தெரியவில்லை. தங்கபாண்டி அண்ணன் ரேடியோவில் அழுகிறார்: "நான் முத மார்க்குப்பா. நான்தாம்ப்பா முத மார்க்கு."

ஜெரால்டைக் கேட்டேன். பதினொரு தடவை விடை போட்டவர்.

"நிப்பாட்டு மக்கா, சொல்லுதேன். ஒம்பதாம் பாடம், கடைசி நாலு கேள்வி. இ, அ, ஈ, ஆ. கண்ண மூடிக்கிட்டு அடிப்பேன்."

இ என்றால் எந்த வால்வு?

"அது... வால்வு நம்பரா? அத ஆரு படிச்சா? மொத தடவ மாத்தி மாத்தி அமுக்கிப் பாத்தேன். பச்ச விளக்கு எதுல எரிஞ்சுதோ அத மனசுல வச்சுக்கிட்டேன்."

கணினியில் விடைப் பட்டியலைத் தேடினேன். அதுவும் பூட்டுக்குள்.

"நீதானே உண்டாக்குன. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது ஜெரால்டு. நான் நிறம் மட்டும்தான் போட்டேன்.

பதிவு 8
11:58. 26 நிமிடம்.

ஜெரால்டின் பேச்சு குழறுகிறது. காற்று கனத்துவிட்டது. கடைசியாகத் தெளிவாகச் சொன்னது: "கக்கூசு முறை இனி எனக்கு வராதுல்லா."

விடைகளைக் கணினி எண் வரிசையில் எழுதியிருந்தால் அ ஒன்றாம் வால்வு, ஆ இரண்டு, இ மூன்று, ஈ நான்கு. அப்படியானால் வரிசை 3, 1, 4, 2. கலைத்துப் போட்டிருந்தால் தெரியாது. நான் ஒரு தடவை கூடப் படித்துப் பார்க்கவில்லை. விண்வெளி உடைகள் இரண்டும் ரோவரில் போனவர்கள் மேல்; அவர்கள் வெளியே ரோவரால் அடைப்பை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், விட்டு வர முடியாது.

பர்வீன் மேடம், தானே போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அவர் வாதாடவில்லை.

12:03. 21 நிமிடம். இனிச் செய்யப்போவது:

1. உள்ளே இருக்கும் எல்லோரையும் உணவுக்கூடத்துக்கு அனுப்பி, நடைவழிக் கதவை என் பக்கமிருந்து பூட்டுவேன்.
2. மூன்றாம் வால்வு. பத்து எண்ணுவேன்.
3. ஒன்றாம் வால்வு. காது அடைத்தால் வரிசை தவறு. அப்போதும் நிறுத்த மாட்டேன், நிறுத்த நேரமிருக்காது.
4. நான்காம் வால்வு.
5. இரண்டாம் வால்வு. கதவு திறந்தால் ஜெரால்டை இழுத்து வருவேன்.
6. வந்ததும் பலகையில் 11/11 என்பதை அழித்து 0/11 என்று எழுதுவேன். நான் வரவில்லையென்றால், இதைப் படிக்கிற நீங்கள் எழுதுங்கள். கதவுக்கு இடப்பக்கம் இருக்கிறது. இன்னும் மினுங்கிக்கொண்டிருக்கும்.