உறைபனியில் ஒழுகிய ஜன்னல்

ஹார்ஸ்டாட்,
26 நவம்பர் 1984

திருமதி சிசெல் அவர்களுக்கு,

நாம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. செப்டம்பரில் உங்கள் மாடி அறைக் கூரையை வெட்டி ஜன்னல் வைத்துத் தந்தாரே எய்லிஃப், அவருடைய மனைவி நான். அந்த ஜன்னலைச் சுற்றியிருக்கும் தகரப் பட்டைகளை வெட்டி மடித்தது நான்தான். எங்கள் பட்டறையில் தகர வேலை முழுக்க என்னுடையது. கூரை ஏறுவது அவருடையது.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுப் போன் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. அவர் காதும் அங்கேயேதான் இருக்கிறது.

உங்கள் ஜன்னல் ஒழுகுகிறது என்று சொல்லிச் சொல்லியே அவர் அக்டோபரிலிருந்து நாலைந்து தடவை உங்கள் தீவுக்கு வந்துவிட்டார். எங்கள் ஜன்னல்கள் ஒழுகாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீட்டுக்கு வைத்திருக்கிறோம், யாரும் இரண்டாம் தடவை கூப்பிட்டதில்லை. "என் தகரத்துல குறையா?"ன்னு கேட்டேன். "தகரம் நல்லாத்தான் இருக்கு. அது வேற என்னமோ"ன்னார். என்ன வேற என்று சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு எழுதினால் கை கோணுகிறது. மற்ற வீடுகளுக்கு ஒரு வாரத் தாடியோடு போகிற மனிதர், உங்கள் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் மட்டும் சவரம் செய்கிறார். போன வாரம் கையில் ஒரு ஜாடி மஞ்சள் பெர்ரி ஜாமோடு வந்தார். "யார் குடுத்தா?" "வீட்டுக்காரம்மா." அவ்வளவுதான். நான் அதைத் திறக்கவில்லை. அவர் மட்டும் ரொட்டியில் தடவித் தடவித் தின்கிறார்.

ஜன்னல் உண்மையிலேயே ஒழுகுகிறதா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
போர்கில்ட்


சென்யா தீவு,
3 டிசம்பர் 1984

மதிப்புக்குரிய போர்கில்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடத்தான் முதலில் தோன்றியது. ஏன் போடவில்லை என்று சொல்கிறேன். என் கணவர் எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று தெற்கே ஸ்டவாங்கர் போனவர், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டார். அப்போது நான் அவளுக்கு இப்படித்தான் ஒரு கடிதம் எழுதினேன். பதிலே வரவில்லை. தபால்காரரின் மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடி ஓடிப் போய்ப் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதை இன்னொருத்திக்குச் செய்ய மாட்டேன்.

ஆமாம், ஜன்னல் ஒழுகுகிறது. என் கட்டில் அதற்கு நேர் கீழே இருக்கிறது. காலையில் போர்வை நனைந்திருக்கும்.

நான் இறால் ஆலையில் வேலை பார்க்கிறேன். குளிர்காலத்தில் இருட்டில் போய் இருட்டில் வருவேன். சூரியனே எழாத இந்த மாதங்களில், விடுமுறை நாளில் நண்பகலில் ஒரு மணி நேரம் நீல வெளிச்சம் வருமே, அதைப் படுத்துக்கொண்டே பார்க்க வேண்டும் என்றுதான் கையிலிருந்ததையெல்லாம் போட்டு அந்த ஜன்னலை வைத்தேன். அது ஒழுகினால் எனக்கு எப்படி இருக்கும்!

உங்கள் கணவர் வருவார், ஓரங்களில் பசை பூசுவார், காப்பி குடிப்பார், பேசிக்கொண்டிருப்பார். நன்றாகப் பேசுகிற மனிதர். நீங்கள் நினைக்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஜாமை நான் தபால்காரருக்கும்தான் கொடுத்தேன். எய்லிஃப் சவரம் செய்துகொண்டு வருகிறார் என்பது நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும். அவர் எப்போதும் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்திருந்தேன்.

அன்புடன்,
சிசெல்


ஹார்ஸ்டாட்,
8 டிசம்பர் 1984

சிசெல் அவர்களுக்கு,

பதில் எழுதியதற்கு நன்றி. உண்மையான நன்றிதான்.

கடிதத்தில் முதலில் 'உங்கள் கணவர்' என்றிருந்தவர் முடிவில் 'எய்லிஃப்' ஆகிவிட்டார். கவனித்தேன்.

'நன்றாகப் பேசுகிற மனிதர்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் பட்டறையில் நின்றபடியே எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வேறு யாரையோ சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். என் வீட்டில் இருப்பவர் "உப்பு", "சாவி எங்க", "நாளைக்குப் பனி" இவ்வளவுதான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுவும் இல்லை. நான் தகரம் வெட்டுகிறேன், அவர் வானொலி கேட்கிறார். அது அவர் சுபாவம் என்று பழகிவிட்டேன். இப்போது பார்த்தால் அது சுபாவம் இல்லை, என் வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்தது.

கட்டிப்பிடித்தார் என்று நீங்கள் எழுதியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. எங்கள் கூரைக்கும் ஒரு ஜன்னல் வையுங்கள் என்று நான் கேட்டு அலுத்துவிட்டேன். "நாள் முழுக்க ஜன்னல், ராத்திரியும் ஜன்னலா?"ன்பார். உங்கள் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடிக்க மட்டும் அலுக்கவில்லை.

என்ன பேசுவார்? எழுதுங்கள். எவ்வளவு கசப்பாக இருந்தாலும் சரி.

தொழிலுக்காக ஒன்று கேட்கிறேன். தண்ணீர் கண்ணாடியின் எந்தப் பக்கம் சொட்டுகிறது, மேலா, கீழ் விளிம்பா? பனி உருகும் நாளிலா, கெட்டியாக உறையும் நாளிலா?

போர்கில்ட்


சென்யா தீவு,
14 டிசம்பர் 1984

அன்புள்ள போர்கில்ட்,

தொழில் கேள்விக்கு முதலில். கீழ் விளிம்பில்தான் சொட்டுகிறது. நல்ல உறைபனி நாட்களில், அதுவும் காலையில். பனி உருகி ஓடுகிற நாளில் ஒரு சொட்டுகூட இல்லை. எனக்கே இது விசித்திரமாகத்தான் இருக்கிறது. என் சமையலறை சின்னது, துணியெல்லாம் மாடியில்தான் காயப்போடுகிறேன். சொட்டு விழுந்து அவை ஈரமானால் மறுபடி காயவைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த கேள்விக்குப் பதில் எழுத யோசித்தேன். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். அவருக்குக் கூரை ஏறப் பயமாக இருக்கிறது. இரண்டு குளிர்காலமாக. ஏணியின் பாதியில் முழங்கால் நடுங்குகிறதாம், மேலே போனதும் கைகால் மரத்துப்போய்க் கொஞ்ச நேரம் கூரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்வாராம். "வீட்டுல சொல்லலாமே"ன்னு கேட்டேன். "போர்கில்ட்கிட்டயா? 'சரி, நீ கீழ இரு, நான் ஏறிக்கிறேன்'னு சொல்லிட்டு அடுத்த நிமிஷம் ஏணியில நிப்பா. அப்புறம் நான் எதுக்கு?"ன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார், கண் மட்டும் சிரிக்கவில்லை.

இது உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைத்தேன். இல்லையென்றால் மன்னியுங்கள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. ஆரம்பத்தில் அவர் பேச்சு முழுக்க உங்களைப் பற்றித்தான். கடைசி இரண்டு தடவையாக உங்கள் பெயரே வரவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று பயந்துதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சிசெல்


ஹார்ஸ்டாட்,
19 டிசம்பர் 1984

சிசெல்,

எனக்குத் தெரியாது. ஒரே கட்டிலில் படுக்கிறேன், எனக்குத் தெரியாது.

நேற்று எதிர்வீட்டுக் கூரை வேலைக்கு அவர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போவதைப் பட்டறை வாசலில் நின்று பார்த்தேன். நீ சொன்ன பிறகு எல்லாம் தெரிகிறது. முதல் படியில் கால் வைப்பதற்கு முன்னால் மூக்கைச் சிந்துகிறார், கையுறையைக் கழற்றி மாட்டுகிறார், வானத்தைப் பார்க்கிறார். இதையெல்லாம் இத்தனை நாள் சோம்பல் என்று நினைத்து, "என்ன, மேல ஏற நாள் பாக்கறியா?"ன்னு கத்தியிருக்கிறேன். நான் ஏறிவிடுவேன் என்று அவர் உன்னிடம் சொன்னதும் உண்மைதான். உடனே ஏறியிருப்பேன்.

ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் உன் சமையலறை இல்லை. அந்தப் பயம் எனக்குச் சேர வேண்டியது. நீ வாங்கி வைத்துக்கொண்டாய்.

இப்போது ஜன்னலைப் பற்றிக் கேட்டுக்கொள். உன் ஜன்னல் ஒழுகவில்லை. உறைபனியில் எதுவும் ஒழுகாது, வெளியே தண்ணீரே இல்லையே, எல்லாம் கல்லாகக் கிடக்கிறது. உன் வீட்டு நீராவிதான் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு வியர்த்துச் சொட்டுகிறது. துணியை மாடியில் காயப்போடாதே. கண்ணாடிக்கு மேல் விளிம்பில் நீராவி வெளியேற ஒரு காற்று மடல் இருக்கும், அதைத் திறந்து வை. கட்டிலை நகர்த்தி ஜன்னலுக்கு நேர் கீழே ஹீட்டரை வை. ஒரே வாரத்தில் காய்ந்துவிடும்.

இது எய்லிஃபுக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? தொழிலுக்கு வரும் பையன்களுக்கு முதல் நாள் அவர் சொல்லிக்கொடுப்பதே இதுதான். தெரிந்தேதான் பசை பூசியிருக்கிறார். பொய் சொன்னது என்னிடம் மட்டுமில்லை, உன்னிடமும்தான். நீயும் நனைந்த போர்வையில் படுத்திருந்திருக்கிறாய்.

போர்கில்ட்


சென்யா தீவு,
13 ஜனவரி 1985

அன்புள்ள போர்கில்ட்,

நீ சொன்னபடியே செய்தேன். ஜன்னல் காய்ந்துவிட்டது. கிறிஸ்துமஸ் முழுக்கக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது, நட்சத்திரங்கள் தெரிந்தன. கோபத்தில் நான் அவருக்குப் போன் செய்யவில்லை. அவர் ஒரு தடவை கூப்பிட்டு, "எப்படி இருக்கு ஜன்னல்?"னார். "காஞ்சிருக்கு"ன்னேன். "அப்ப நல்லது"ன்னு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஆலைக்குப் போனேன், வந்தேன். காய்ந்த ஜன்னலுக்குக் கீழே தனியாகக் காப்பி குடித்தேன். உன்னை நினைத்துப் பொறாமைப்பட்டேன். பேசாவிட்டாலும் அந்த மனிதர் உன் வீட்டில்தானே வானொலி கேட்டுக்கொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை காற்று மடலை மூடினேன். இரண்டு படுக்கை விரிப்புகளை நனைத்து மாடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். நேற்றுக் காலை முதல் சொட்டு விழுந்தது. போன் செய்தேன். பட்டறைப் போன்தான், எடுத்தது அவர்தான். "மறுபடி ஒழுகுது"ன்னேன்.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். எழுதாவிட்டால் நான் அந்த ஸ்டவாங்கர்க்காரி ஆகிவிடுவேன்.

சிசெல்


ஹார்ஸ்டாட்,
18 ஜனவரி 1985

சிசெல்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். போன் அடித்தபோது நான் இரண்டடி தள்ளித் தகரம் மடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனை வைத்துவிட்டுச் சொன்னார், "சென்யா வீடு. மறுபடி ஒழுகுதாம்."

"வெளிய என்ன குளிர் பாத்தியா?"ன்னேன்.

"பதினெட்டு டிகிரி உறைபனி."

"பதினெட்டு டிகிரி உறைபனில எது எய்லிஃப் ஒழுகும்?"

அவர் அப்படியே ஆணி வாளி மேல் உட்கார்ந்துவிட்டார். "உனக்கு எப்படித் தெரியும்?"னார். "ஜன்னல் பத்தியா, முழங்கால் பத்தியா?"ன்னேன். அவர் முகம் வெளுத்ததை நீ பார்த்திருக்க வேண்டும். உன் முன்னால் அந்த முகம் வெளுத்திருக்காது என்று நினைத்தபோது அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது, எவ்வளவு பைத்தியக்காரி நான்!

பிறகு பேசினார். சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினார். நான் ஏணியைப் பற்றி வாயே திறக்கவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "அவ வேணுமா உனக்கு?"ன்னு கேட்டேன். "தெரியல"ன்னார். "நான் வேணுமா?" "அதுவும் தெரியல போர்கில்ட். பேசறதுக்கு ஒரு இடம் வேணும்னு மட்டும் தெரியுது." அன்றிலிருந்து பட்டறையில் படுத்துக்கொள்கிறார்.

உன் ஜன்னலை எப்படிக் காயவைப்பது என்று நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். எப்படி ஒழுகவைப்பது என்பதையும் அதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், எனக்குத் தெரியாமலே. உன் மேல் வந்த கோபத்தில் ஒரு முழுத் தகரத்தைப் பாழாக்கினேன்.

ஆனாலும் நீ எழுதினாய். அதனால் ஒன்று கேட்கிறேன். அவர் அங்கே வந்தால் நான் தடுக்கப்போவதில்லை. துணிப் பெட்டியோடு வந்தால் உள்ளே விடு, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கருவிப் பையோடு வந்தால் திருப்பி அனுப்பு. இன்னொரு தடவை ஜன்னலைப் பார்க்க வந்தேன் என்று யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது.

போர்கில்ட்


சென்யா தீவு,
26 ஜனவரி 1985

போர்கில்ட்,

நேற்று வந்தார். இரண்டு மாதமாகக் கண்ணில் படாத சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து திரும்பிய நாள் என்று ஆலையில் பாதி நாள் விடுமுறை கொடுத்தார்கள், நான் வீட்டில் இருந்தேன். வேன் நிற்கிற சத்தம் கேட்டதும் தலையை வாரிக்கொண்டேன். கதவைத் திறந்தேன். சவரம் செய்த முகம். கையில் கருவிப் பை.

"பெட்டி எங்க?"ன்னேன்.

"எந்தப் பெட்டி? ஒழுகுதுன்னியே, பாத்துட்டுப் போலாம்னு..."

"ஒழுகல எய்லிஃப். நான்தான் ஈரத் துணி போட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா பையத் தூக்கிட்டு வந்தே?"

அவர் பையைப் பார்த்தார். கீழே வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைத்திருந்தால், உன்னிடம் எதற்குப் பொய், வைத்திருந்தால் உள்ளே விட்டிருப்பேன். அவர் அதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "ஒரு காப்பியாவது குடிச்சிட்டுப் போறனே சிசெல்"ன்னார்.

"காப்பி இல்ல"ன்னேன். அடுப்பில் கொதிக்கிற வாசனை வாசல்வரை வந்துகொண்டிருந்தது.

அவர் போய்விட்டார். நான் மாடிக்குப் போய்ப் படுத்து அழுதேன். தெரிந்தால் உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், அதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் அவர் உன்னிடம் வந்து சேர்ந்திருப்பார். வீட்டுக்குள் விட்டாயா, பட்டறையிலேயே படுக்கச் சொன்னாயா, இல்லை உட்காரவைத்துப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாயா, எதையும் எனக்கு எழுதாதே. எழுதினால் படிப்பேன். படித்தால் தாங்க மாட்டேன்.

சிசெல்