விருந்தாளி மெத்தையில் வெந்த கம்ப்யூட்டர்

வொன்ஜு,
திங்கட்கிழமை காலை

அன்பு மகன் கியூச்சோலுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், புத்திக்குத்தான் உத்தரவாதம் இல்லை. ஹாம்பர்க் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நடக்கிறாயா? போனில் சொன்னால் உன் அப்பா குறுக்கே பேசிக் கெடுத்துவிடுவார், அதனால்தான் கடிதம்.

செப்டம்பரில் நீ வாங்கி அனுப்பிய கம்ப்யூட்டர் இரண்டே மாதத்தில் நொண்டிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். ஞாயிறு சாயங்காலம் நீ அங்கேயும் உன் அப்பா இங்கேயுமாக இன்டர்நெட்டில் ஓட்டுகிற அந்தக் கார் பந்தய விளையாட்டில் வாராவாரம் உன்னை ஜெயித்துவிட்டு, முப்பத்தோரு வருஷம் வெளியூர் பஸ் ஓட்டிய கை என்று வீடெல்லாம் அலட்டிக்கொண்டவர், நவம்பர் பிறந்ததும் வளைவுக்கு வளைவு சுவரில் போய் முட்டினார். படம் விட்டு விட்டு நகர்ந்தது, இவர் பிரேக்கை அழுத்தி ஒரு மூச்சு விட்ட பிறகுதான் காருக்குக் காது கேட்டது. பெரிய இஞ்சினியர் நீ என்ன சொன்னாய்? சிரித்துக்கொண்டே, "வயசாயிடுச்சுப்பா உங்களுக்கு, கை லேட்டாகுது" என்றாய். அதற்குத்தான் உன்னை அவ்வளவு படிக்க வைத்தோம்.

அடுத்து உன் தொக்சூ மாமா வந்தான். என் கூடப்பிறந்த தம்பி என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. "இது வைரஸ்தான்க்கா, பாத்தாலே தெரியுது" என்று இருந்ததையெல்லாம் அழித்து மறுபடி ஏற்றினான், நான் சேர்த்து வைத்த போட்டோக்களும் அதோடு போயின, மூன்று கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான், படம் அப்படியேதான் நொண்டியது. கடைக்காரன் வந்து பெட்டியைத் தொடாமலே "கிராபிக்ஸ் கார்டு பத்தாது, புதுசு போடணும்" என்றான். கடைக்குத் தூக்கிப் போனால் பெட்டி ஜோராக ஓடியது, வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் உன் அப்பா முடிவு கட்டினார், கோளாறு பெட்டியில் இல்லை, தன் கையில் என்று.

இதை அவர் உன்னிடம் சொல்லமாட்டார். வட்டார அலுவலகத்துக்குப் போய் டிரைவிங் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கிற படிவத்தை வாங்கி வந்தார். வயதானவர்கள் கொடுத்தால் பணம் போட்ட பஸ் கார்டு தருகிறார்களாம், பஸ் ஓட்டியவருக்குப் பஸ் கார்டு! "ரோட்டுல யாரையாவது இடிச்சுட்டா என்ன பண்றது" என்று பூர்த்தி செய்து கையெழுத்தும் போட்டுவிட்டார், இன்றைக்குக் கொடுப்பதாக இருந்தது. நானும் ஒரு அறிவாளி, "கொடுத்துடுங்க, வயசாச்சுல்ல" என்றேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீ அன்றைக்குச் சிரித்திருக்கமாட்டாய். எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை வருஷத்துக்கான சோயா விழுதுக்காகச் சோயா வேகவைத்து இடித்துக் கட்டி பிடித்தேன். அவை புளிக்கத் தரை நன்றாகச் சூடேறும் மூலை வேண்டும், அங்கே உன் கம்ப்யூட்டர் பெட்டி குந்தியிருந்தது. எரிச்சலோடு தூக்கினேன், அடிப்பக்கம் அப்போதுதான் இறக்கிய சோற்றுப் பானை போலச் சுட்டது. அதற்குக் கீழே என் சிவப்புப் பட்டு மெத்தை, விருந்தாளி வந்தால் போடுவது. பெட்டி மூச்சு விடுகிற ஓட்டைகளெல்லாம் அதில் புதைந்து கிடந்தன. பெட்டி வந்த அன்றைக்கு நீ "நல்ல இடமா பாத்து வைங்கப்பா" என்றாய் அல்லவா, மனிதர் வீட்டிலேயே நல்ல இடமாகப் பார்த்திருக்கிறார், பெரியவர்கள் வந்தால் உட்கார வைக்கிற சூட்டு மூலை. மகன் அனுப்பியதாயிற்றே. குளிருக்காக நவம்பரில் தரைக்கடிக் குழாயில் வெந்நீரை ஓடவிட்டோம், பெட்டி வெந்தது. இத்தனை மேதாவிகளில் ஒருவனும் அடியில் கை வைத்துப் பார்க்கவில்லை, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீயும் கேட்கவில்லை.

ஜன்னலோரம் சாப்பாட்டு மேசை மேல் தூக்கி வைத்தேன். நேற்று உனக்கு வேலை என்று நீ வராததால் அவர் தனியாக ஓட்டினார். ஐந்து சுற்று, ஒரு சுவரில்கூட முட்டவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சோயாக் கட்டிகளைத் தொங்கவிட வைக்கோல் வேண்டுமென்று இன்று விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போயிருக்கிறார். அந்தப் படிவத்தைக் கட்டிகளுக்கு அடியில் விரித்துவிட்டேன், தரை அழுக்காகாது.

நேரத்துக்குச் சாப்பிடு, நோயில்லாமல் நூறு வருஷம் இரு. மறக்காமல் ஞாயிறு பந்தயத்துக்கு வா. மன்னிப்பு கேட்கிற சாக்கில் வேண்டுமென்றே தோற்றுவிடாதே, அவர் கண்டுபிடித்துவிடுவார். முழு வேகத்தில் ஓட்டித் தோற்றுப் போ.

உன் அம்மா,
ஓக்நான்