பொத்தான் கண் யானை

இன்று மத்தியானம் நான் வேலை செய்கிற டயர் கடைக்கு ஒரு காரை இழுத்துக்கொண்டு வந்து போட்டார்கள். நெடுஞ்சாலையில் லோரியின் பின்னால் போய்ச் சொருகிய கார். முன்பக்கம் நசுங்கிப்போனாலும் டயர்கள் புதுசு, கழற்றி வை என்றார் முதலாளி. ஜாக்கியை வைப்பதற்கு முன் உள்ளே எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் தொங்கிய ஒரு குட்டிப் பஞ்சு முயல், கயிறு அறுந்து, சீட்டில் கவிழ்ந்து கிடந்தது. கையில் எடுத்ததும் சுருக்கென்று குத்தியது. அதன் முடிக்குள் முழுக்கக் கண்ணாடித் தூள். கட்டைவிரலில் ரத்தம் வந்துவிட்டது.

உன் குரல்தான் கேட்டது. "தூளு உள்ள போய்ட்டா வராது மச்சான். அதுக்கு முன்னாடியே எடுத்துடணும்லா."

நீ போன பிறகு வருகிற முதல் தீபாவளி நெருங்கிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துத் துப்புகிறவன் நான். உனக்கே தெரியும்.

உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும், அது ஒன்றுதான் உன் சட்டம். பெரிய கரடி, ஆள் உயரப் புலி எதுவும் உனக்கு வேண்டாம். ரெம்பாவ் பண்டல் கடையில் பழைய துணிக் குவியலுக்குப் பக்கத்தில் பொம்மைக் கூடை இருக்கும். கதவு அகலத்துக்கு இருக்கும் நீ அதன் முன்னால் குந்திக்கொண்டு, சின்னப் பிள்ளைகளோடு முட்டி மோதிப் பொறுக்குவாய். கழுத்தில் பச்சை குத்திய தேளைப் பார்த்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். கடைக்கார மலாய் அக்கா மட்டும் பயப்பட மாட்டார். உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார். "பதினெட்டு காக், பத்தொன்பதாவது வயித்துல" என்பாய்.

கிழிந்ததை நீ தைத்ததே இல்லை. உன் அம்மா ஒருமுறை ஊசியும் நூலுமாக வந்தபோது பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாய். "அதான் ஏற்கெனவே கிழிஞ்சிருச்சில்ல, மறுபடியும் குத்தணுமா?" என்று கத்தினாய். அன்று காலையில்தான் ரந்தாவ் சாலையில் ஒருத்தன் பல்லை நீ ஹெல்மெட்டால் உடைத்துவிட்டு வந்திருந்தாய். அதைச் சொல்லிக் காட்டினேன். "அவன் வாயத் தொறந்தான், இது தொறந்துச்சா?" என்றாய்.

பள்ளிப் படிப்பு நின்றுபோனதும் இதனால்தானே. மூன்றாம் படிவத்தில் உன் பையிலிருந்த குரங்கை எவனோ எடுத்து வகுப்புக் காற்றாடியில் கட்டிச் சுற்ற விட்டான். நீ நாற்காலியைத் தூக்கினாய். நான் ஏன் என்று கேட்காமல் இன்னொன்றைத் தூக்கினேன். கட்டொழுங்கு ஆசிரியர் எல்லோர் முன்னாலும் ரோத்தான் பிரம்பால் அடித்தபோது நீ அழவில்லை, நான் அழுதேன். வெளியே வந்து, "கொரங்குக்கு ஒண்ணும் ஆகல பாத்தியா" என்று சட்டைப் பைக்குள்ளிருந்து காட்டினாய். அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் அந்தப் பக்கம் போகவே இல்லை.

கொஞ்ச நாள் தோட்டத்து லோரியில் செம்பனைக் குலை ஏற்றினோம். அப்புறம் மோகன் அண்ணன் கூப்பிட்டார். அவருக்கு அடிக்க ஆள் வேண்டும், நமக்கு எங்கேயாவது வேகமாகப் போக வேண்டும். யாரை, எதற்கு என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. காரை உடைக்கச் சொன்னால் காரை உடைப்போம். அதிலும் நீ ஒரு முறை வைத்திருந்தாய். முதலில் கதவைத் திறப்பாய். உள்ளே தொங்குகிற பொம்மையை முடிச்சவிழ்த்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய். அதற்குப் பிறகுதான் முதல் அடி. மற்ற பையன்கள் ஹெல்மெட்டுக்குள் சிரிப்பார்கள். உன் எதிரில் எவனும் சிரித்ததில்லை.

பாரோய்க் கடைவரிசையில் அந்தச் சின்ன வெள்ளைக் கார். அதன் சொந்தக்காரர் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் மோகன் அண்ணனின் மச்சானை அறைந்துவிட்டாராம். அவ்வளவுதான் விஷயம். சாயங்காலம், மழை விட்ட நேரம். நீ கதவைத் திறந்ததும் கடைக்குள்ளிருந்து அவர் ஓடி வந்தார். உன்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கையைக் காருக்குள் விட்டார். எதையோ பிடித்து இழுத்தார். கத்தி என்று நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். கை வெளியே வரும்போது கதவை அறைந்தாய். திறந்து இன்னொரு முறை அறைந்தாய். காய்ந்த மட்டை முறிகிற சத்தம் கேட்டது. அவர் தரையில் விழுந்தார். விரல்கள் தானாக விரிந்தன. உள்ளேயிருந்து உருண்டது ஒரு சாம்பல் நிற யானை. ஒரு கண் கருப்பு மணி. இன்னொரு கண் நீலச் சட்டைப் பொத்தான், யாரோ தைத்து வைத்தது.

நீ குனிந்து எடுத்துத் துடைத்தாய். "பொம்மைக்கா கைய விட்டான்? நம்ம ஆளுலா இவன்" என்றாய். நான் சிரித்தேன். அப்புறம் காரை உடைத்தோம்.

வீட்டுக்கு வந்து அந்தப் பொத்தானைத்தான் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாய். "யாரோ ஊசி குத்தியிருக்கானுங்க. ஆனா நல்லாத்தான் இருக்கு" என்று தொலைக்காட்சிக்கு மேலே இருந்த பலகையில், மற்ற பொம்மைகளுக்கெல்லாம் நடுவில் வைத்தாய்.

போன தீபாவளிக்கும் உங்கள் வீட்டில் ஓப்பன் ஹவுஸ். கோலா சாவா தோட்டத்து லயத்து வீட்டில் உன் அம்மா ஆட்டிறைச்சி பிரட்டினால் மூன்று வரிசைக்கு மணக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம், வருகிறவரைப் பெயர் கேட்டு உட்கார வைக்கிற வழக்கம் இல்லை. பள்ளி கேண்டீனில் தன்னோடு வேலை செய்கிற அக்காவையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார் அம்மா. அந்த அக்கா வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு பட்டுப் பாவாடையில் ஒரு பெண் பிள்ளை. பின்னாலேயே அவர் புருஷன், வலது கையில் மாவுக்கட்டு.

நான் வாயில் வைத்த முறுக்கை மெல்லவில்லை. உன்னைப் பார்த்தேன். உனக்கும் தெரிந்துவிட்டது. "மூடிக்கிட்டுச் சாப்புடு. ஹெல்மெட் போட்டிருந்தோம்ல, மொகம் தெரியாது" என்று பல்லுக்குள் சொன்னாய். முகம் தெரியாதுதான். பலகைக்கு ஹெல்மெட் போடவில்லையே மச்சான்.

பிள்ளைதான் முதலில் பார்த்தது.

"அப்பா! நம்ம யானை!"

வீடு நிறையப் பேச்சு. யாரும் கவனிக்கவில்லை. அவர் பார்த்தார். பலகையைப் பார்த்தார், பிறகு உன் கழுத்தைப் பார்த்தார், பிறகு உன் கைகளை.

"அது வேற யானைம்மா."

"இல்லப்பா. அம்மா தச்ச கண்ணு. நான் அழுதேன்ல, கார்ல இருந்து எடுத்துத் தரேன்னு சொன்னீங்கல்ல?"

"வேற யானைன்னு சொல்றேன்ல. வாய மூடிக்கிட்டு வா."

அவர் அப்படியே விட்டிருப்பார். அந்த நிமிஷம் அவருக்குத் தேவையெல்லாம் பெண்டாட்டி பிள்ளையோடு அந்த வாசலைத் தாண்டுவது மட்டும்தான். கண்ணில் தெரிந்தது. நீ பேசாமல் இருந்திருந்தால் போதும். நீ எழுந்தாய். பலகையிலிருந்து யானையை எடுத்தாய். பிள்ளையின் முன்னால் முட்டி போட்டாய்.

"இது உன்னோடதுதாம்மா. எடுத்துக்கோ."

உன் அம்மா அகப்பையோடு வந்து நின்று சிரித்தார். "பாரேன், எவனையும் தொட வுடமாட்டான் என் மவன்! ஒனக்கு மட்டும் குடுக்குறான்."

பிள்ளையின் அப்பா தட்டை வாங்கிக்கொண்டார். உட்கார்ந்து, இடது கையால் கரண்டி பிடித்து, தட்டிலிருந்த எல்லாவற்றையும் சாப்பிட்டார். போகும்போது அம்மாவிடம், "சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சிங்க" என்றார். உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

அவர்கள் போனதும் உன்னைக் குளியலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் நெஞ்சில் குத்தினேன். "கூறுகெட்டவனே, என்னாடா பண்ணி வச்ச? அவனுக்குத் தெரிஞ்சிருச்சு!"

"தெரியட்டும்."

"மோகன் அண்ணன்கிட்ட சொல்லிடுவோம். அவன் வர்றதுக்கு முன்னாடி நாம போயிடுவோம்."

"வேணாம்லா." நீ சுவரில் சாய்ந்துகொண்டாய். "புள்ள அழுவுதுன்னு கைய நீட்டுனான்டா. நான் கதவ சாத்துனேன். ரெண்டு தடவ."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல. அவன் ஊட்டுப் பக்கம் யாரும் போவக் கூடாது. நீயும்தான். போன, ஒன் கால ஒடிச்சிருவேன்." சொல்லிவிட்டு உள்ளே போய் இன்னொரு தட்டு சோறு போட்டுக்கொண்டாய். எனக்கும் போட்டாய்.

அதற்கப்புறம் ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் நான் மோட்டார் சைக்கிள் ஓட்ட, நீ பின்னால். செம்பனைக்கு நடுவில் செம்மண் சாலை, பனி விலகவில்லை. வளைவில் வேன் குறுக்கே நின்றது. நான் பிரேக் பிடிப்பதற்குள் நீ என் முதுகைப் பிடித்துத் தள்ளினாய். மோட்டாரோடு சாலையோர லோங்காங் வாய்க்காலில் விழுந்தேன். முழங்கால் மோட்டாருக்கடியில் மாட்டிக்கொண்டது. அங்கிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன், கத்துவதைத் தவிர ஒன்றும் முடியவில்லை.

எல்லோரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். கையில் இரும்புக் குழாய். நீ சும்மா விடவில்லை. ஒருத்தனின் குழாயைப் பிடுங்கி அவன் முட்டியிலேயே போட்டாய். இன்னொருத்தனை ஹெல்மெட்டோடு வேன் கதவில் மோதினாய். ஓடியிருக்கலாம். வழி இருந்தது. கடைசியில் ஒருவர் வேனுக்குப் பின்னாலிருந்து வந்தார். குழாய் இடது கையில். வலது கை விரல்கள் மடங்காமல் முள்கரண்டி மாதிரி விறைத்திருந்தன. நீ அந்தக் கையைப் பார்த்தாய். பார்த்துவிட்டு ஒரு மூச்சு நேரம் அசையாமல் நின்றாய். களைத்துப்போய் நின்றாயா, வேண்டுமென்றே நின்றாயா? இதைக் கேட்டுக் கேட்டு உன்னைத் திட்டாத நாள் இல்லை. அந்த ஒரு மூச்சு போதுமாயிருந்தது அவருக்கு. அடித்தார். நீ விழுந்த பிறகும் அடித்தார். அடிக்கும்போது அவர் அழுதார், அது ஹெல்மெட்டுக்கு வெளியே கேட்டது. உன்னிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

உன் சாவுக்கு உருமி மேளம் சொல்லியிருந்தார் மோகன் அண்ணன். பையன்கள் கும்பல் கொடியை உன் பெட்டிமேல் போடக் கொண்டுவந்தார்கள். அம்மா பலகையிலிருந்த பொம்மைகளை மடியில் அள்ளிக்கொண்டு வந்து உன் தலையைச் சுற்றி அடுக்கினார். ஒருத்தன் சிரித்தான். அவன் மூக்கை உடைத்தேன். கொடி போடவில்லை.

நாம் உடைத்த கார்கள் எத்தனையோ, யார் வேலை என்று அண்ணனுக்கே பிடிபடவில்லை. என்னைப் பின்பக்கம் கூட்டிப் போய்ச் சட்டையைப் பிடித்தார்.

"யாருடா?"

"தெரியலண்ணே. ஹெல்மெட் போட்டிருந்தானுங்க."

அறைந்தார். "லோங்காங்ல படுத்துப் பாத்தவன் நீ. ஒண்ணுமே தெரியலயா?"

"இல்லண்ணே."

இன்னொரு அறை. உதடு கிழிந்து வாயெல்லாம் உப்பு. அந்தப் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அன்று சாயங்காலமே பாரோயில் ஒரு வீடு எரியும். வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிற வழக்கமும் நம்மிடம் இல்லையே. முழுங்கினேன்.

முன்பக்கம் வந்தால் அந்தக் கேண்டீன் அக்கா. குழாயடியில் குந்திக்கொண்டு, சாவு வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. கருமாதிவரை தினமும் வந்தார். உன் அம்மா தின்ற சோறெல்லாம் அவர் ஆக்கிக் கொடுத்தது. இப்போதும் இரண்டு பேரும் ஒரே கேண்டீனில்தான். அம்மா என்னிடம் ஒரே ஒருமுறை கேட்டார். "ஒனக்கு எதாச்சும் தெரியுமாய்யா? என்கிட்ட மட்டும் சொல்லேன்." தான் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்ட சோற்றை அந்த மனிதன் தின்றுவிட்டுப் போனான் என்று எப்படிச் சொல்வேன்? இல்லைம்மா என்றேன். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் கேட்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் என்னிடம் கிடையாது. அந்த ஆளின் இடது கையையும் உடைக்க வேண்டும் என்றுதான் தினமும் எழுந்திருக்கிறேன். ஒருநாள் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு பாரோய் வரைக்கும் போயும்விட்டேன். அவர் வீதி முனையில் வண்டியை நிறுத்தி, வெகுநேரம் நின்று, திரும்பி வந்தேன். நீ வேணாம் என்றாய். செத்தவனிடம் சண்டை போட்டு ஜெயிக்க முடியவில்லை, அதுதான் காரணம்.

மோகன் அண்ணன் டயர் மாற்றுகிற சாக்கில் கடைக்கு வருகிறார். நேற்றும் வந்தார். தாடையைப் பிடித்துத் தூக்கி, "ஞாபகம் வந்துச்சா?" என்றார். "இல்லண்ணே" என்றேன். விடுவதாக இல்லை அவர். நானும்தான்.

கடை அடைத்ததும் நெடுஞ்சாலையில் ஏறி மோட்டாரை முறுக்குகிறேன். லோரிகள் இரைகிற இடமாகப் பார்த்து, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளேயே அந்தப் பெயரைக் கத்துகிறேன். தொண்டை கிழிகிற வரைக்கும். வெளியே ஒருத்தருக்கும் கேட்காது. வீட்டுக்கு வந்து சேரும்போது என்னிடம் குரலே இருக்காது மச்சான், அண்ணன் வந்து கேட்டாலும் சொல்ல முடியாது.