விதை போட்டு மூடிய பள்ளிக்கூடம்

அன்பு மகள் பவுலினுக்கு,

நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் சிங்கப்பூரில் சுகமாக இருக்க ஆண்டவர் அருள வேண்டும். தேதி போடவில்லை, போட்டால் ஜப்பான்காரர்களின் ஆண்டுக்கணக்கில் போட வேண்டும், அதற்கு என் கை வரவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஜனங்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்வார்கள் என்று சென்னையில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அது உண்மைதானா? இங்கிலாந்தில் பட்டணத்துத் தொழிலாளிக்கு முதலில் ஓட்டுக் கொடுத்துவிட்டு, பிறகுதான் அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டம் போட்டார்கள். ஜப்பானிலோ நான் பிறப்பதற்கு முன்பே எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று சட்டம். இங்கே காவல் நிற்கிற சிப்பாய்களில் எழுதத் தெரியாதவனை நான் பார்த்ததில்லை. படித்தும் என்ன, யாரோ சொன்னதற்காக இத்தனை தூரம் வந்து நிற்கிறார்கள்.

பள்ளிக்கூடம் நடக்கிறதா என்று கேட்டிருந்தாய். நேற்று வரை நடந்தது. வாத்தியார் போன பிறகு நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியும். போன வாரம், தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை இருந்த இடத்துக்கு வந்திருக்கும் ஜப்பான்கார மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஜனங்கள் இவரையும் துரை என்றுதான் சொல்கிறார்கள். துரை பேசப் பேச, ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி மைக்கேல்ராஜ் மொழிபெயர்த்தார். காலையில் பிள்ளைகள் ஜப்பான் மொழி படிக்கலாம், தமிழும் கொஞ்சம் இருக்கலாம். இல்லையென்றால் கிழங்குத் தோட்டத்துக்கு வரட்டும், வேலைக்கு வருகிற பிள்ளைக்கு அரிசி உண்டு. எதுவானாலும் தனக்குச் சம்மதம், டீச்சர் சொல்வதுபோல் செய்யலாம் என்றார். பள்ளிக்கூடம் என்று ஒரு வார்த்தையில் நான் முடித்திருக்கலாம். ஆனால், பெற்றோரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். மைக்கேல்ராஜ் அதை மொழிபெயர்க்கவே தயங்கினார். துரை கேட்டுவிட்டுச் சிரித்தார், கேளுங்கள் என்றார்.

இன்று ஞாயிறு, எல்லாரும் லயத்து வீடுகளில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு பிஸ்கட் டின் வைத்து, ஒன்றில் சிலேட்டும் ஒன்றில் மண்வெட்டியும் வரைந்து ஒட்டினேன். யார் எதில் போட்டார்கள் என்று தெரியக் கூடாது என்பதற்காக முன்னால் சாக்குக் கட்டினேன். அரிசிக் கார்டு வீட்டுக்கு ஒன்று என்பதால், விதையும் வீட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். ஓட்டுச் சீட்டுக்குப் பதில் தேயிலை விதை, வீட்டு ஆம்பிளை கையில் கொடுத்தேன். கங்காணி நாகப்பன், "டீச்சரம்மா, சாக்கு எதுக்கு? நாங்க என்ன குளிக்கவா போறோம்?" என்று கேட்க எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் நடந்ததைக் கேள். சாக்குக்குப் பின்னால் போய்வந்த ஒவ்வொருவரும் நேரே கங்காணியிடம் போய், "மம்பட்டி டின்னுலதாங்க போட்டேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். மறைத்து வைப்பது அவருக்குச் செய்கிற அவமரியாதை என்று நினைத்தார்கள். முனியாண்டி ஒரு படி மேலே போய், சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள் என்று சாக்கைத் தூக்கியே காட்டினான். எண்ணும்போது பார்த்தால், சிலேட்டு டின்னில் அடியை மறைக்கக்கூட விதை விழவில்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பிள்ளைகளின் கைகால்களை நீ பார்த்தால் தெரியும். அரிசிக்கு எதிரே எழுத்தை வைத்துக் கேட்டால் யார்தான் என்ன சொல்வார்கள்? ஆனாலும் முனியாண்டியின் மனைவி இராசம்மா வாசலிலேயே நின்றாள். அவள் மகள் செல்லம் இப்போதுதான் உன் அப்பாவின் மருந்துப் புட்டிகளில் ஒட்டியிருப்பதை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். "அரிசி வேணான்னு யாரும்மா சொல்லுவா? ஆனா என்னைய ஒரு வார்த்த கேக்கலியே. கேட்டிருந்தா நான் பள்ளிக்கூடத்துக்குத்தான் போட்டிருப்பேன் லா" என்றாள். வீட்டுக்கு வந்தால் அப்பா, "நீ சரின்னு தலைய ஆட்டியிருந்தா நாளைக்கும் மணி அடிச்சிருப்பாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கேட்காமல் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுவதா, கேட்டு இழப்பதா? எது சரி என்று படித்த படிப்பில் எங்கேயும் இல்லை. இப்போது வருத்தம் மட்டும் இருக்கிறது.

நீ அங்கே பாடம் நடத்துகிற வகுப்பில் ஜப்பான்காரர்கள் பாட்டைப் பாடச் சொன்னால் பாடு, தலை வணங்கச் சொன்னால் வணங்கு. வேலை போகக் கூடாது. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. காய்ச்சல் வந்தால் அசட்டையாக இராதே. இதைத் தபாலில் போடவில்லை. தானா ராத்தா டவுனிலிருந்து லாரி ஓட்டுகிற தங்கையா செவ்வாய்க்கிழமை மலையை விட்டுக் கீழே இறங்குகிறார், அவர் ஆள் மூலம் உன் கைக்கு வரும். பதிலும் அவ்வழியே அனுப்பு. படித்ததும் மறக்காமல் அடுப்பில் போட்டுவிடு. ஆண்டவரும் மாதாவும் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
லூர்தம்மாள்

திங்கள் மாலை. தங்கையா நாளைதான் இறங்குகிறார், அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன். காலைப் பெரட்டில் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, கிழங்குத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். வேலை முடிந்து அரிசி கேட்டபோது, அரிசி வரவில்லை, ஆளுக்கு ஒரு கிழங்கு என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கரி மூட்டைகளை அடுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் முன்பு இராசம்மாவும் லயத்துப் பெண்கள் பலரும் வந்து, மறுபடி விதை போட வேண்டும் என்றார்கள். துரை ஒரு தடவைதான் கேட்டார், சாவியும் என்னிடம் இல்லை என்றேன். "சாவிய யாரு கேட்டா? டின்ன எடுங்க" என்றாள் இராசம்மா. எடுத்து வைத்தேன். சாக்குக் கட்ட விடவில்லை. எல்லாரும் பார்க்க, ஒவ்வொருத்தியும் சிலேட்டு டின்னிலேயே போட்டாள். எண்ணி, மைக்கேல்ராஜிடம் சொல்லி அனுப்பினேன். தன்னால் இதைத் துரையிடம் சொல்ல முடியாது என்று அவரிடமிருந்து பதில் வந்தது.